கடல் எப்போது தண்ணீரை வாங்கும்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களின் கடைமடையில் தவறாமல் காதில் விழும் சொல் ஒன்று உண்டு: "கடல் தண்ணிய வாங்கல." சம்பா மூழ்கிக் கிடக்கும். வடிகால் நிரம்பி நிற்கும். ஆறு கரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் முகத்துவாரத்தில் தண்ணீர் நகராது. கேட்டால் விவசாயியும் அதையே சொல்வார், அதிகாரியும் அதையே சொல்வார், மறுநாள் செய்தித்தாளிலும் அதுவே வரும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. கடல் எப்போது வாங்கும்? எந்த நாள், எத்தனை மணிக்கு? இந்தக் கேள்விக்குப் பெருமளவு பதில் ஏற்கெனவே இருக்கிறது. மக்களின் வரிப்பணத்தில் அளக்கப்பட்டு, பொதுவெளியில் வைக்கப்பட்டிருக்கிறது. அது வயல் வரப்புக்கு வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கடைமடை ஊருக்குப் போயிருந்தேன். பயிர் தூர் கட்டும் பருவம். மழை விட்ட மறுநாள் காலையில் ரெகுலேட்டர் ஷட்டரைத் தூக்கினார்கள். தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஊரே நிம்மதியாக வீடு திரும்பியது. இரவு ஷட்டர் திறந்தபடியே கிடந்தது. அன்று அமாவாசைக்கு அடுத்த நாள். விடிந்து பார்த்தால் வாய்க்காலில் தண்ணீர் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருந்த கருவியில் உப்பின் அளவைப் பார்த்தேன். நெல் தாங்கக்கூடியதைப் போலப் பல மடங்கு. அந்த இரவு கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்பது அதற்கு முந்தைய ஆண்டே கணக்கிடப்பட்டு அச்சாகி வந்திருந்தது. அது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், பயிருக்கு யோசனை சொல்லப் போயிருந்த நானும் அன்று அதைப் பார்த்துவிட்டுப் போகவில்லை.

நெல்லுக்கு மண்ணின் மின்கடத்துத்திறன் 3 டெசிசீமன்ஸ் வரை பாதகமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு அலகு கூடும்போதும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும். கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பயிர் இன்னும் பலவீனமானது. ஷட்டரைத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.

கடல் உயர்ந்து நிற்பதற்கு மூன்று காரணம்

முதல் காரணம் ஓதம். மீனவர்கள் ஏத்தவத்தம் என்பார்கள். நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடைவெளி சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 6 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை அது 6.50 வாக்கில் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அஷ்டமி, நவமி வாக்கில் சிறிதாக இருக்கும். சென்னையில் பெரிய ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 1 மீட்டர். நாகைக் கரையில் அதைவிடக் குறைவு. குறைவுதானே என்று எண்ண வேண்டாம். தட்டையான கடைமடையில் அரை அடித் தண்ணீர் ஏறினாலும் பல வயல்கள் மூழ்கிவிடும்.

இரண்டாவது காரணம் பருவம். கடலின் சராசரி மட்டம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. நம் கிழக்குக் கரையில் மார்ச், ஏப்ரல் வாக்கில் தாழ்ந்தும், அக்டோபர், நவம்பரில் உயர்ந்தும் நிற்கும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடுகிறது. பூமியின் சுழற்சி அந்த நீரைக் கரைப்பக்கமாகச் சாய்க்கிறது. நம் வயல்கள் வடிய வேண்டிய அதே மாதங்களில்தான் கடல் உயரமாக நிற்கிறது என்பது டெல்டாவின் துரதிர்ஷ்டம்.

மூன்றாவது காரணம் வானிலை. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். அதற்கு மேல், கரையை நோக்கி அடிக்கும் காற்று தண்ணீரைத் தள்ளிக் குவிக்கும். எவ்வளவு குவியும் என்பதைத் தீர்மானிப்பதில் காற்றின் வேகத்துக்குச் சமமான பங்கு கடல் தரைக்கும் உண்டு. ஆழமான கடலில், மேலே தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழம் குறைந்த கடலில் திரும்பிப் போக வழியில்லை. அங்கேயே குவிந்து கரையேறும். கடலூர், புதுச்சேரிக்கு எதிரே கடல் தரை சீக்கிரம் ஆழத்துக்குப் போய்விடுகிறது. கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணைப் பகுதியில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. ஒரே வேகக் காற்று இரண்டு இடத்திலும் அடித்தாலும் கரையேறும் தண்ணீர் ஒன்றாக இருக்காது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதில் இந்த ஆழமற்ற தரைக்கும் பங்கு உண்டு.

எது எங்கே கிடைக்கும்?

ஓத நேரத்தைத் தெரிந்துகொள்ள, இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை இருக்கிறது. துறைமுகம் வாரியாக, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் கடல் எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும், எத்தனை மணிக்கு எவ்வளவு வற்றும் என்று அதில் இருக்கும். அச்சுப் புத்தகத்துக்கு விலை உண்டு. ஒரு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஒரு பிரதி போதும்.

அன்றாட நிலைக்கு ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தை நாடலாம். 1999-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தைச் சுருக்கமாக இன்காய்ஸ் என்பார்கள். மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்லும் நிறுவனம் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். அலை உயரம், காற்று, நீரோட்டம், ஓதம் ஆகியவற்றின் முன்னறிவிப்பையும் அது இலவசமாகத் தருகிறது. சுனாமி, புயல் அலை எச்சரிக்கைகளும் அங்கிருந்துதான் வருகின்றன. மீனவர் படிக்கும் அந்தப் பக்கத்தை உழவரும் படிக்கலாம்.

புயல் நேரத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையைப் பாருங்கள். அதில் கடல் இத்தனை மீட்டர் உயரும் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் வரி அது. அங்கே சொல்லப்படும் உயரம், அந்த நேரத்தில் இருக்க வேண்டிய ஓத மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்பது. ஆகவே ஓத அட்டவணையில் உள்ள அளவுடன் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். புயல் வற்றத்தின்போது கரை கடந்தால் ஒரு கதை. ஏற்றத்தின்போது கடந்தால் வேறு கதை.

பழைய பதிவுகள் வேண்டுமென்றால், சராசரிக் கடல்மட்டத்துக்கான நிரந்தரச் சேவை என்ற அமைப்பு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இருக்கிறது. 1933-ல் தொடங்கப்பட்டது. உலகத் துறைமுகங்களின் மாதவாரிக் கடல்மட்டத்தை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. இடையில் பல ஆண்டுகள் விட்டுப்போயிருந்தாலும் சென்னையின் பதிவு அதில் 1916-ல் தொடங்குகிறது. நவம்பரில் கடல் உயர்கிறது என்று நான் மேலே சொன்னதை நீங்களே அங்கே சரிபார்க்கலாம்.

கடல் தரையின் ஆழத்துக்கு ஜெப்கோ என்ற உலக வரைபடம் இருக்கிறது. 1903-ல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவில் தொடங்கிய பணி இன்றும் தொடர்கிறது. கைபேசியிலேயே இலவசமாகத் திறந்து பார்க்கலாம். உங்கள் ஊருக்கு எதிரே தரை எவ்வளவு தூரத்துக்கு ஆழமில்லாமல் போகிறது என்பதைப் பார்த்தால், புயல் அலைக்கு உங்கள் கரை எவ்வளவு இடம் கொடுக்கும் என்பது ஓரளவு புரியும்.

கரை அரிப்புக்கு, சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாடு முழுவதும் கணக்கெடுத்திருக்கிறது. இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. தமிழகக் கரையில் அது சுமார் 43 சதவீதம். கடலோரத்தில் சவுக்கு, நிலக்கடலை, தென்னை வைத்திருப்பவர்கள் தங்கள் பகுதியின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை

இந்த எண்களைப் பயன்படுத்தும்போது ஒரு குழி இருக்கிறது. படித்தவர்களும் அதில் விழுகிறார்கள். நிலத்தின் உயரமும், ஷட்டரின் அடிமட்டமும், கரையின் மேல்மட்டமும் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுகின்றன. ஓத அட்டவணையும் கப்பல் வரைபடங்களும் அப்படியல்ல. கடல் மிகவும் வற்றும்போது நிற்கும் தாழ்ந்த மட்டத்தைச் சுழியாக வைத்து அவை கணக்கிடுகின்றன. சென்னைத் துறைமுகத்தில் இந்த இரண்டு சுழிகளுக்கும் இடையே அரை மீட்டருக்கும் சற்று மேல் வேறுபாடு உண்டு. அட்டவணையில் 1 மீட்டர் என்று இருந்தால், நம் நில அளவுக் கணக்கில் அது அரை மீட்டருக்கும் குறைவு. இதைக் கழிக்காமல் இரண்டையும் ஒப்பிட்டால், ஆபத்து இல்லாத நாளில் பயப்படுவோம். வடிய வாய்ப்புள்ள நேரத்தை இழப்போம்.

இன்னொன்று. அட்டவணை துறைமுகத்துக்கானது. உங்கள் ரெகுலேட்டர் முகத்துவாரத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கலாம். ஏற்றம் அங்கே வந்து சேரத் தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்பதை எந்த நிறுவனமும் உங்களுக்குச் சொல்ல முடியாது. நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். வழி எளிது. ரெகுலேட்டரின் கடல்பக்கத்தில், நீர்வளத் துறையின் அனுமதியோடு, சென்டிமீட்டர் குறித்த ஒரு மரக்கோலை நடுங்கள். ஓர் அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை, 15 நாட்களுக்கு, தண்ணீர் எத்தனை மணிக்கு உச்சத்தைத் தொடுகிறது, எத்தனை மணிக்கு அடியைத் தொடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அட்டவணை நேரத்தையும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் ஊரின் கணக்கு. ஆற்றில் வெள்ளம் ஓடும்போது இந்தக் கணக்கு மாறும் என்பதால் மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் எடுப்பது நல்லது. வேளாண் கல்லூரி மாணவர்கள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு வரும்போது அவர்களிடம் தரக்கூடிய நல்ல வேலை இது.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் என்ன பயன்? ஆற்று மட்டத்தைவிடக் கடல் தாழ்ந்திருக்கும் நேரம் ஒரு நாளில் இரண்டு முறை வரும். அந்த நேரத்தில்தான் வடிகால் உண்மையாக வேலை செய்யும். மோட்டார் வைத்து இறைப்பவர்கள் அந்த நேரத்துக்குத் தயாராக இருந்தால் டீசல் மிச்சம். அடுத்த மூன்று நாளும் பெரிய ஏற்றம் என்று தெரிந்தால் மேலுரத்தை வாங்கி வந்து தண்ணீரில் கரைக்க வேண்டாம். மூழ்கிய பயிருக்கு இலைவழி உரம் எந்த நாளில் தெளிப்பது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம். விதைப்பை ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்துவது, உவர் தாங்கும் திருச்சி 3 போன்ற ரகத்தை எந்த வயலுக்கு ஒதுக்குவது என்பதெல்லாம் அடுத்த கட்டம்.

ஷட்டரை இயக்குவது நீர்வளத் துறைப் பணியாளரின் பொறுப்பு. நாம் அதில் கை வைக்கக் கூடாது. "சீக்கிரம் திறங்க" என்று சத்தம் போடுவதற்குப் பதிலாக, "இன்று இரவு 11 மணிக்கு மேல் வற்றம், அப்போது திறந்து விடியற்காலை 4 மணிக்கு மூடுங்கள்" என்று எண்ணோடு கேட்டால், கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே பேச்சே மாறிவிடும்.

இல்லாத தரவு

இருப்பதைப் பற்றிச் சொன்னேன். இல்லாததையும் சொல்ல வேண்டும். ஜெப்கோ வரைபடத்தின் ஒரு கட்டம் ஏறத்தாழ 450 மீட்டர் நீளம், 450 மீட்டர் அகலம். நம் கணக்கில் சுமார் 50 ஏக்கர். 50 ஏக்கர் கடல் தரைக்கு ஒரே ஓர் ஆழ எண். அதிலும் பல எண்கள் நேரடியாக அளந்தவை அல்ல, செயற்கைக்கோள் வழியே கணித்தவை. உலகக் கடல் தரையில் நேரடியாக அளக்கப்பட்டது கால் பங்குக்குச் சற்றே மேல்தான். இந்த வரைபடம் கடலின் பெரிய உருவத்தைக் காட்டும். அடப்பாறோ வெள்ளையாறோ கடலில் சேரும் இடத்தில் மணல் எவ்வளவு மேடிட்டிருக்கிறது என்பதைக் காட்டாது.

நம் பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கடல் வற்றியிருந்தாலும், முகத்துவாரத்தில் மணல் திட்டு நின்றால் தண்ணீர் வெளியேறாது. "கடல் வாங்கல" என்று நாம் சொல்லும் நாட்களில் எத்தனை நாள் குற்றம் கடலுடையது, எத்தனை நாள் குற்றம் தூர்ந்துபோன வாயுடையது? அளவு இல்லாமல் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. கடற்படையின் நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் வரைபடங்கள் விலைக்குக் கிடைக்கும். அவை கப்பல்களுக்காக வரையப்பட்டவை. கப்பல் போகாத சிறு ஆற்று வாய்களை அவற்றில் தேடிப் பயனில்லை.

தூர்வாரும் பணிக்கு மதிப்பீடு போடும்போது ஆழம் அளந்துதான் போடுகிறார்கள். அந்த அளவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதே இந்தப் பக்கத்தின் கோரிக்கை. ஒவ்வொரு முகத்துவாரத்துக்கும், பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறையும் மழை முடிந்து பிப்ரவரியில் ஒருமுறையும் எடுத்த குறுக்குவெட்டு ஆழம், ஒரு பக்கத்தில், தமிழில் வந்தால் போதும். இது புதிய உரிமை எதையும் கேட்பதாகாது. அரசுத் தரவுகளைப் பகிர வேண்டும் என்ற தேசியக் கொள்கை 2012-லேயே வந்துவிட்டது. உள்நாட்டு நீர்நிலைகள், ஆழம் குறைந்த கடல் ஆகியவற்றின் தரை அளவுகளை 2035-க்குள் துல்லியமாகத் தயாரிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் வெளியான தேசியப் புவிசார் கொள்கை சொல்கிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாதவர்கள், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு கொடுத்து, தங்கள் ஆற்று வாயில் கடைசியாக எடுத்த ஆழ அளவைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒலிபெருக்கி போதும்

இதெல்லாம் கணினி படித்தவர்களுக்கான வேலை என்று ஒதுங்க வேண்டாம். 1998-ல் புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவ கிராமத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் தினமும் சொன்னார்கள். ஒரு வல்லரசின் கடற்படை தனக்காகக் கணித்தது நம் கட்டுமரத்துக்குப் பயன்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தபோது, நல்லவாடு கிராமத்தில் அந்த ஒலிபெருக்கிதான் ஊரை எழுப்பி வெளியேற்றியது. தரவு எங்கோ இருப்பது போதாது. ஊரின் மொழியில், ஊரின் காதில் விழ வேண்டும்.

ஆகவே வேளாண் விரிவாக்க அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். அக்டோபர் முதல் ஜனவரி வரை, உங்கள் வட்டாரத்தின் கடைமடை ரெகுலேட்டர் ஒவ்வொன்றிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். அன்றைய இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், நேரத்தோடு. உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அதே நான்கு வரிகள். ஒரு சாக்பீஸ் செலவு.

விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் குறைதீர் நாள் கூட்டத்துக்குப் போகும்போது, பயிர் மூழ்கிய படத்தோடு அந்த 15 நாள் நோட்டையும் எடுத்துப் போங்கள். "கடல் வாங்கல" என்று யாராவது சொன்னால் நோட்டைப் பிரித்து வைத்து, "எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வாங்கவில்லை?" என்று கேளுங்கள்.